கோதிக் பேய்க்கதைகளில் சூழல், பதற்றம், ஐயநிலை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பேய்க்கதைகளைப் பொழுதுபோக்கு இலக்கியம் என்று ஒதுக்கும் வழக்கம் கல்வியுலகில் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. எனினும், ஆங்கில இலக்கியத்தில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இன்றுவரை இக்கதைகள் இடையறாது எழுதப்பட்டு வருகின்றன. டிக்கன்ஸ், ஹென்றி ஜேம்ஸ், டோனி மோரிசன் போன்ற பெரும்படைப்பாளிகளும் இவ்வகையை நாடியுள்ளனர். எனவே, இக்கதைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பது ஆராய்ச்சிக்குரிய வினாவேயாகும்.

இவ்வினா கற்பித்தலோடும் தொடர்புடையது. கதைச்சூழலைக் கற்பிக்கும்போது இருள், புயல், பாழடைந்த மாளிகை, கதவின் கிறீச்சொலி என ஒரு பட்டியலைத் தந்து நிறுத்திவிடும் போக்கைப் பாடநூல்களில் காண்கிறோம். மாணவர்களும் அப்பட்டியலைத் தம் கட்டுரைகளில் நிரப்புகின்றனர். ஆயினும் அச்சம் பிறப்பதில்லை. பட்டியலில் உள்ளவை அனைத்தும் இருந்தும் விடுபட்டது யாது என்பதை இவ்வகை இலக்கியத்தின் வரலாற்றின்வழி அறிய முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று கலைச்சொற்களை முதற்கண் வரையறுத்துக்கொள்வோம். இடமும் காலமும் இயைந்து வாசகர் மனத்தில் எழுப்பும் உணர்வுநிலையைச் சூழல் என்கிறோம். கதைமாந்தர் ஒருவர் செய்ய விரும்புவதற்கும் அவரால் செய்ய முடிவதற்கும் இடையே ஏற்படும் இழுபறியைப் பதற்றம் என்கிறோம். கதை எழுப்பிய வினாவுக்குரிய விடை தள்ளிவைக்கப்படுவதால் வாசகரிடம் தோன்றும் ஆவலை ஐயநிலை என்கிறோம். இம்மூன்றும் ஒன்றல்ல, ஒன்று மற்றொன்றுக்குத் துணைநிற்பது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினைக் கூறுவர். அணங்கு மானிட ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. இறை நம்மீது அதிகாரம் உடையவர். இப்பகுப்பினை ஆய்வுக்கருவியாக மட்டுமே ஈண்டுக் கையாளுகிறோம். ஆங்கிலக் கதைகளுக்கும் தொல்காப்பியத்துக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று கூறுதல் நம் கருத்தன்று. கோதிக் கதைகளில் அணங்கைக் காண்பவர் பெரும்பாலும் ஓர் இறையின் ஆளுகைக்கு உட்பட்டவராகவே இருக்கிறார். கண்டதைச் சொன்னால் நம்பப்படுவாரா என்பதே அவருடைய சிக்கல். காண்பவருக்கும் நம்ப மறுப்பவருக்கும் இடையிலான இவ்விடைவெளியிலேதான் பதற்றமும் ஐயநிலையும் விளைகின்றன என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

1. ஒட்ராண்டோக் கோட்டை

கோத்தியர் என்போர் பழைய செருமானிய இனக்குழுவினர். மறுமலர்ச்சிக் காலத்தவர் இடைக்காலக் கட்டடக் கலையை நாகரிகமற்றது எனப் பழிக்க அப்பெயரைப் பயன்படுத்தினர். அச்சொல்லைக் கதையிலக்கியத்தோடு இணைத்தவர் ஹொரேஸ் வால்போல் (1717-1797). பிரிட்டனின் முதல் தலைமையமைச்சராகக் கருதப்படும் இராபர்ட் வால்போலின் மகனான இவர், தேம்ஸ் ஆற்றங்கரையில் டுவிக்கன்ஹம் என்னுமிடத்தில் இருந்த தம் இல்லத்தை இடைக்காலப் பாணியில் பல ஆண்டுகள் திருத்திக் கட்டினார். மாடிப்படியின் உச்சியில் இரும்புக் கவசம் அணிந்த மாபெரும் கையொன்றைக் கனவில் கண்டதே தம் நாவலுக்கு வித்து என அவர் 1765இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார்.

'ஒட்ராண்டோக் கோட்டை' 1764 டிசம்பரில் 500 படிகளாக வெளிவந்தது. 1529இல் நேப்பிள்சில் அச்சான பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என அதன் முன்னுரை கூறியது. 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் வால்போல் தம் பெயரை வெளிப்படுத்தி, 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பையும் சேர்த்தார். கண்டெடுத்த ஏடு என்னும் உத்தி இங்கே கையாளப்படுகிறது. கதை சொல்பவருக்கும் வாசகருக்கும் இடையில் பழைய ஆவணமொன்றை வைத்துவிட்டால், நம்பலாமா என்னும் வினா கதை தொடங்கும் முன்னரே எழுந்துவிடுகிறது.

இந்நாவலில் வியப்புகளுக்குப் பஞ்சமில்லை. திருமண நாளன்று வானத்திலிருந்து விழும் மாபெரும் தலைக்கவசம் இளவரசனை நசுக்குகிறது. ஓவியத்திலுள்ள மூதாதை சட்டத்தைவிட்டு இறங்கி நடக்கிறார். சிலையின் மூக்கிலிருந்து குருதி வடிகிறது. இன்றைய வாசகருக்கு இவை அச்சத்தினும் நகைப்பையே மிகுதியாகத் தருகின்றன. ஆனால், இசபெல்லா கோட்டையின் நிலவறை வழியே தப்பியோடும் பகுதி இன்றும் ஆற்றல் குன்றாதது. இறந்த மகனுக்கு நிச்சயித்த பெண்ணைத் தானே மணக்க முற்படுகிறான் கோட்டைத் தலைவன் மான்ஃபிரட். அவள் கையிலிருந்த விளக்கு காற்றில் அணைகிறது. எங்கோ கதவின் ஒலி கேட்கிறது. அங்கே பேய் எதுவும் இல்லை. அவள் அஞ்சுவது தன்னைத் துரத்தும் இறைவனாகிய மான்ஃபிரட்டையே. கோதிக் மரபின் முதல் நூலிலேயே அணங்கச்சத்தைவிட இறையச்சம் வலுவாக அமைந்துள்ளமை கருதற்குரியது.

2. மறைத்தலின் கலை

வால்போலின் மிகைக்கு எதிர்வினை விரைவில் எழுந்தது. கிளாரா ரீவ் 1778இல் வெளியிட்ட 'பழைய ஆங்கிலப் பெருமகன்' என்னும் நூலின் முன்னுரையில், வால்போலின் வியப்புகள் வரம்பு மீறியதால் தாம் எழுப்ப வந்த உணர்வையே அழித்துவிட்டன என்றார். எட்மண்ட் பர்க் 1757இல் எழுதிய அழகியல் ஆய்வு நூலும் இக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. இடரின் முழு அளவு தெரிந்துவிட்டால் அச்சத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும் என்பது அவர் கருத்து. வெறுமை, இருள், தனிமை, ஓசையின்மை ஆகிய இன்மைகள் அனைத்தும் அச்சம் தருவன என்றும் அவர் கூறினார். சூழல் என்பது பொருள்களைக் குவிப்பதன்று. புலன்களுக்குக் கிடைக்க வேண்டியதைக் கிடைக்காமற் செய்வது என்று இக்கருத்தினை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இக்கொள்கையைக் கதையாக்கியவர் ஆன் ராட்கிளிஃப் (1764-1823). அவருடைய 'உடால்போவின் மர்மங்கள்' 1794இல் வெளிவந்தது. பதிப்பாளர் அதற்கு 500 பவுன் வழங்கினர். 1797இல் வந்த 'இத்தாலியர்' நாவலுக்கு 800 பவுன் கிடைத்தது. அக்காலத்தில் இவை பெருந்தொகைகள். இத்தாலியைக் காணாமலேயே அவர் அந்நாட்டு மலைகளையும் கோட்டைகளையும் ஓவியங்களின் துணையால் வருணித்தார்.

உடால்போக் கோட்டையில் எமிலி ஒரு கருந்திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். அவள் கண்டது என்ன என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கடந்து, நூலின் இறுதிப்பகுதியில்தான் அது பிணவடிவில் செய்யப்பட்ட மெழுகுருவம் என்று தெரிகிறது. பேய் என ஐயுற்றவற்றுக்கெல்லாம் இறுதியில் இயற்கையான விளக்கம் தரும் இம்முறை பலருக்கு ஏமாற்றம் அளித்தது. எனினும், விளக்கம் வரும்வரை வாசகரைக் கட்டிவைத்தது விளக்கமின்மையே அன்றோ?

அந்நாவலில் வேறொரு சிறு செய்தி உண்டு. எமிலி தங்கும் அறையில் இரண்டாவது கதவொன்று உள்ளது. அதன் தாழ்ப்பாள் வெளிப்புறத்தில் மட்டுமே இருக்கிறது. உள்ளிருப்பவர் அதனைப் பூட்ட இயலாது. வெளியிலிருந்து எவரும் எப்பொழுதும் வரலாம். இந்த ஒரு பொருளே சூழல், பதற்றம், ஐயநிலை மூன்றையும் ஒருங்கே தருகிறது. எமிலியின் அத்தையை மணந்த மோண்டோனி, மனைவியின் சொத்தைத் தன் பெயருக்கு மாற்ற வற்புறுத்துகிறான். இசையாத அவள் அடைபட்டு இறக்கிறாள். தாழ்ப்பாள் யார் கையில் என்பது அக்கால ஆங்கிலப் பெண்வாசகர்க்கு வெறுங்கற்பனையன்று. மணமான பெண்ணின் சொத்து கணவனைச் சேரும் என்னும் நிலையை 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்களே அங்கு மாற்றத் தொடங்கின.

ராட்கிளிஃப் இறந்தபின் 1826இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, திகிலையும் குரூர அதிர்ச்சியையும் வேறுபடுத்துகிறது. திகில் உள்ளத்தை விரித்து அதன் ஆற்றல்களை எழுப்பும். அதிர்ச்சி அவற்றைச் சுருக்கி உறையச் செய்யும். பிணத்தைக் காட்டுவது அதிர்ச்சி. திரையைக் காட்டுவது திகில். 1796இல் மேத்யூ லூயிஸ் எழுதிய 'துறவி' முதல்வழிச் சென்றது. ஐயநிலையைப் பொறுத்தவரை, இரண்டாம் வழியே பின்னோர்க்குப் பயன்பட்டது.

ஜேன் ஆஸ்டின் எழுதி 1817 இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் மடம்' இம்மரபைப் பகடி செய்தது. கேதரின் நள்ளிரவில் கண்டெடுக்கும் மர்மச் சுவடி, காலையில் சலவைக் கணக்காக மாறிவிடுகிறது. ஆயினும், அவள் கொலைகாரன் என்று ஐயுற்ற தளபதி, அவளிடம் செல்வம் இல்லை என்றறிந்ததும் துணையின்றி அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார். பேய் பொய்த்தபின்னும் இறையச்சம் எஞ்சுகிறது என்பதை ஆஸ்டின் நுட்பமாகக் காட்டினார்.

3. கோட்டையிலிருந்து மனத்துக்கு

1815 ஏப்ரலில் நமது நுசாந்தாரா வட்டாரத்தின் சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1816இல் ஐரோப்பா கோடையற்ற ஆண்டைக் கண்டது. ஓயாத மழையால் ஜெனீவா ஏரிக்கரை மாளிகையில் அடைபட்டிருந்த பைரனும் நண்பர்களும் செருமானியப் பேய்க்கதைகளைப் பிரெஞ்சு மொழியில் வாசித்தனர். ஆளுக்கொரு கதை எழுதவும் முடிவுசெய்தனர். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) அப்போட்டியில் பிறந்ததே. அது பேய்க்கதையன்றாயினும், அச்சத்தின் இருப்பிடத்தைக் கோட்டையிலிருந்து மனித அறிவின் செயலுக்கு மாற்றியது.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ சிறுகதை வடிவத்துக்கு ஏற்ற கொள்கையை வகுத்தார். ஓர் அமர்வில் வாசித்து முடிக்கத்தக்க கதையில் ஒவ்வொரு சொல்லும் முன்னரே தீர்மானித்த ஒரே விளைவை நோக்கிச் செல்ல வேண்டும் என்பது 1842இல் அவர் எழுதிய மதிப்புரையின் சாரம். 'அஷர் இல்லத்தின் வீழ்ச்சி' (1839) இதற்குத் தக்க சான்று. மாளிகையும் எதிரேயுள்ள கரிய குளமும் அங்கு வசிப்போரின் மனநிலையும் ஒன்றாகவே காட்டப்படுகின்றன. இறுதியில், கதைசொல்லி நண்பனைத் தேற்ற ஒரு வீரக்கதையை உரக்க வாசிக்கிறார். அக்கதையில் வரும் ஒலிகளுக்கு ஏற்ற ஒலிகள் கீழ்த்தளத்திலிருந்து எழுகின்றன. தன் இரட்டைச் சகோதரியை உயிருடன் பேழையில் இட்டதைப் பல நாள்களாக அறிந்தும் சொல்லத் துணியவில்லை என நண்பன் அப்பொழுது வெளியிடுகிறான். அவன் கேட்டான், ஆனால் சொல்லவில்லை. அவ்வமைதியே கதையின் பதற்றம்.

4. கிறிஸ்துமஸ் இதழ்களும் பணிப்பெண்ணின் குரலும்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பேய்க்கதையின் களம் மாறியது. செய்தித்தாள்மீதான முத்திரைவரி 1855இலும் காகிதவரி 1861இலும் நீக்கப்பட்டதால் இதழ்கள் மலிவாயின. டிக்கன்ஸ் 1850இல் தொடங்கிய 'ஹவுஸ்ஹோல்டு வோர்ட்ஸ்', 1859இல் தொடங்கிய 'ஆல் த இயர் ரவுண்டு' ஆகிய இதழ்கள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் வெளியிட்டன. குடும்பத்தார் கணப்படுப்பைச் சூழ்ந்தமர்ந்து கேட்பதற்குரிய கதைகள் அவற்றுள் இடம்பெற்றன. இத்தாலியக் கோட்டைகள் மறைந்து ஆங்கில வீடுகளும் இரயில் நிலையங்களும் கதைக்களங்களாயின. வாசகர் அமர்ந்திருக்கும் அறைக்கே அச்சம் வந்து சேர்ந்தது.

1852ஆம் ஆண்டுச் சிறப்பிதழில் எலிசபெத் காஸ்கெல் எழுதிய 'முதிய செவிலியின் கதை' வெளிவந்தது. ஹெஸ்டர் என்னும் பணிப்பெண் கதை சொல்கிறாள். பெற்றோரை இழந்த ரோசமண்ட் என்னும் சிறுமியுடன் அவள் நார்தம்பர்லாந்து மாளிகை ஒன்றுக்கு வருகிறாள். புயல் இரவுகளில் பேரிசைக்கருவியின் ஒலி கேட்கிறது. மற்றப் பணியாளர்கள் அதைக் காற்றொலி என்கின்றனர். ஒரு பகற்பொழுதில் ஹெஸ்டர் அக்கருவியைத் திறந்து பார்க்கிறாள். உட்புறம் முழுதும் சிதைந்து கிடக்கிறது. மிகையான வருணனை ஏதுமின்றி, ஒரு பணிப்பெண் தன் கையால் சோதித்தறிந்த உண்மையிலிருந்து இங்கே நடுக்கம் பிறக்கிறது.

மறைவாக மணம்புரிந்து குழந்தை பெற்ற மகளையும் அக்குழந்தையையும் தந்தை பனியில் துரத்திய பழங்கொடுமையே அம்மாளிகையின் மறைபொருள். காட்டிக்கொடுத்த தங்கை இன்று முதியவளாக அங்கேயே வாழ்கிறாள். இறுதிக் காட்சியில் அனைவரும் அந்நிகழ்ச்சியை மீண்டும் காண்கின்றனர். சிறுமி ஒருத்தி மட்டுமே காண்பதாக முடிவை மாற்றும்படி டிக்கன்ஸ் காஸ்கெலிடம் வற்புறுத்தினார், அவர் இணங்கவில்லை. இதனை வெறும் உத்தி வேறுபாடாகக் கொள்வதற்கில்லை. சிறுமி மட்டும் கண்டால் ஐயநிலை நீடிக்கும். அனைவரும் கண்டால் பழைய கொடுமைக்குச் சாட்சிகள் கிடைக்கின்றனர். காஸ்கெல் சாட்சியத்தைத் தேர்ந்தார் எனலாம்.

5. சிக்னல்காரர்

1866ஆம் ஆண்டுச் சிறப்பிதழில் வந்த டிக்கன்சின் 'சிக்னல்காரர்' இவ்வகையின் உச்சங்களுள் ஒன்று. அதன் பின்னணி உண்மையான இரயில் விபத்துகள். 1861 ஆகஸ்டில் கிளேட்டன் சுரங்கப்பாதையில் நேர்ந்த மோதலில் 23 பேர் இறந்தனர். சிக்னல் பணியாளர்களிடையே செய்தி தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டமை அதற்கு ஒரு காரணம். 1865 ஜூன் 9இல் ஸ்டேப்பிள்ஹர்ஸ்டில் தண்டவாளம் அகற்றப்பட்டிருந்த பாலத்தில் இரயில் கவிழ்ந்து 10 பேர் இறந்தனர். அவ்வண்டியில் பயணம் செய்த டிக்கன்ஸ் காயமுற்றோர்க்கு உதவினார்; அதன்பின் இரயில் பயணம் அவருக்கு அச்சம் தருவதாயிற்று.

கதையின் தொடக்கம் கருதற்குரியது. ஆழமான பள்ளத்தில் இருப்புப்பாதை செல்கிறது. மேலே நிற்கும் கதைசொல்லி கீழேயுள்ள சிக்னல்காரரை உரக்க அழைக்கிறார். அழைக்கப்பட்டவர் மேலே பார்க்கவில்லை. திரும்பிச் சுரங்கத்தின் வாயைப் பார்க்கிறார். காரணம் நமக்குத் தெரியாது. அதே சொற்களால், அதே சைகையுடன் ஓர் உருவம் சுரங்கவாயிலிருந்து தம்மை முன்னர் அழைத்தது என அவர் பின்னர்ச் சொல்லும்போதுதான் அப்பார்வையின் பொருள் விளங்குகிறது. ஒரு பார்வையைக் காட்டி அதன் காரணத்தைத் தள்ளிவைப்பதே இங்கு ஐயநிலையின் முழு இயக்கமும் ஆகும். ஈரம் கசியும் கற்சுவர், செவ்விளக்கு, மணி ஆகிய சூழற்பொருள்கள் யாவும் அவருடைய பணிக்குரியவையே. அலங்காரத்துக்காக ஒன்றும் சேர்க்கப்படவில்லை.

உருவம் முன்னர் இருமுறை தோன்றியபோதும் உயிரிழப்பு நேர்ந்தது. மூன்றாம் முறையும் தோன்றுகிறது. என்ன நேரும், எங்கே நேரும் என்பது தெரியாது. அபாயம் எனத் தந்தியடித்தால் காரணம் கேட்பார்கள். கூறுவதற்குக் காரணம் இல்லை. பித்தன் எனக் கருதிப் பணிநீக்கம் செய்வார்கள். எச்சரிக்கை தம்மிடம் வருகிறது. எச்சரிக்கும் அதிகாரம் தமக்கில்லை. நம்பப்படக்கூடியவரும் செயற்படும் ஆற்றலுடையவருமான ஒருவரிடம் அவ்வுருவம் ஏன் செல்லவில்லை என அவர் வருந்துகிறார். கதைசொல்லி நல்லவர், பரிவுடையவர். ஆனால் அவர் அச்சிக்கலை மனநோயாகக் கருதி, மருத்துவரிடம் அழைத்துச்செல்ல எண்ணுகிறார். மறுநாள் சிக்னல்காரர் எஞ்சின் மோதி இறந்துகிடக்கிறார். பேயைவிட, காலங்கடந்த இப்பரிவே வாசகரைத் துன்புறுத்துகிறது.

6. மருத்துவரும் நோயாளியும்

நம்ப மறுப்பவர் மருத்துவராக இருக்கும்போது இடைவெளி மேலும் கூர்மையாகிறது. ஐரிஷ் எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு 1869இல் வெளியிட்ட 'பச்சைத் தேநீர்' கதையில், பாதிரியார் ஜென்னிங்ஸின் கண்ணுக்கு மட்டும் ஒரு கரிய குரங்கு தெரிகிறது. மருத்துவர் ஹெசீலியஸ் உதவுவதாக உறுதிகூறிவிட்டு, தம்மைத் தொடர்புகொள்ள இயலாத இடத்துக்குச் சென்றுவிடுகிறார். நோயாளி உயிரை மாய்த்துக்கொள்கிறார். தாம் இன்னும் முறையாகச் சிகிச்சையைத் தொடங்கவில்லை, ஆகவே அது தம் தோல்வியன்று என மருத்துவர் எழுதுகிறார். குரங்கு மெய்யா பொய்யா என்பதைக் கதை தீர்த்துவைக்கவில்லை. மருத்துவரின் தன்னிறைவை மட்டும் ஐயமற வெளிப்படுத்துகிறது.

1892 ஜனவரியில் அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' இப்போக்கின் மற்றொரு எல்லை. 1887இல் மருத்துவர் வேர் மிட்செலிடம் ஓய்வுச் சிகிச்சை பெற்ற தம் அனுபவத்தை அடியொற்றி அவர் இதனை எழுதினார். மருத்துவரான கணவர் மனைவியை எழுதக்கூடாது எனத் தடுத்து, கம்பியிட்ட சன்னல்களையுடைய மாடியறையில் தங்கவைக்கிறார். சுவர்த்தாளின் வடிவங்களுக்குப் பின்னால் ஒரு பெண் சிறைப்பட்டிருப்பதை அவள் காணத் தொடங்குகிறாள். கணவர் அன்பாகவே பேசுகிறார். அவள் சொல்வதை ஒருமுறையும் பொருட்படுத்துவதில்லை. ராட்கிளிஃபின் வெளித்தாழ்ப்பாள் இங்கே அன்பின் வடிவில் மீண்டும் வந்துள்ளது என்பது நம் கருத்து.

7. இரு ஜேம்ஸ்கள்

ஹென்றி ஜேம்சின் 'திருகின் இறுக்கம்' 1898இல் ஓர் அமெரிக்க வார இதழில் தொடராக வந்தது. கேண்டர்பரிப் பேராயர் பென்சன் 1895 ஜனவரியில் கூறிய செய்தியொன்றே அதற்குக் கரு. ஏழைப் பாதிரியாரின் இளம்பெண் ஒருத்தி, இரு குழந்தைகளுக்கு ஆசிரியையாக ப்ளை மாளிகைக்குச் செல்கிறாள். எந்நிலையிலும் தமக்குத் தொல்லை தரக்கூடாது என்பது முதலாளி விதித்த நிபந்தனை. இறந்துபோன இருவரின் உருவங்களை அவள் காண்கிறாள். ஏரிக்கரையில் அவள் சுட்டிக்காட்டியும் வீட்டு மேற்பார்வையாளருக்கு எதுவும் தெரியவில்லை. உருவங்கள் உண்மையா, அவள் மனத்தின் தோற்றமா என்னும் விவாதம், 1934இல் எட்மண்ட் வில்சன் எழுதிய கட்டுரையால் வலுப்பெற்று இன்றும் தொடர்கிறது. இங்கே ஐயநிலை கதை முடிந்தும் முடிவதில்லை. அவளை நம்பினால் குழந்தைகளைக் காக்க முயன்றவள். நம்பாவிடின் சிறுவனின் இறப்புக்குக் காரணமானவள். வாசகரே தீர்ப்பளிக்கும் இடத்தில் நிறுத்தப்படுகிறார்.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக விளங்கிய எம். ஆர். ஜேம்ஸ் (1862-1936) நம் கருத்துக்கு ஒரு தடையாகத் தோன்றலாம். பழஞ்சுவடி அறிஞரான இவர், 1893 முதல் நண்பர்களிடையே தம் கதைகளை உரக்க வாசித்து, 1904இல் முதல் தொகுப்பை வெளியிட்டார். இவர் கதைமாந்தர் பெரும்பாலும் அறிஞர்கள். எவருக்கும் அடங்கி வாழ்பவரல்லர். அமைதியான அன்றாடச் சூழலில் மாந்தரை அறிமுகப்படுத்தி, தீயது சிறிது சிறிதாகத் தலைநீட்டி இறுதியில் மேடையை நிறைக்க வேண்டும் என்று 1924இல் எழுதிய முன்னுரையில் அவர் விளக்கினார். சொல்லாமல் விடும் அடக்கத்தையும் அவர் வலியுறுத்தினார்.

'விசிலடித்தால் வருவேன்' என்னும் பொருள்படும் தலைப்புடைய கதையில், பேய் இல்லை எனப் பலரறியக் கூறிவந்த பேராசிரியர் பார்க்கின்ஸ் பழைய இடிபாட்டில் ஒரு விசிலைக் கண்டெடுத்து ஊதுகிறார். அவர் விடுதியறையில் இரண்டு கட்டில்கள் உள்ளன. பயன்படுத்தாத கட்டிலின் விரிப்பு காலையில் கசங்கிக் கிடக்கிறது. முதலில் வாசகர் அதைப் பொருட்படுத்துவதில்லை, பேராசிரியரும் பொருட்படுத்துவதில்லை. இங்கே நம்ப மறுப்பவரும் காண்பவரும் ஒருவரே. இடைவெளி இரு மனிதரிடையே இல்லாமல் ஒரே மனிதருக்குள் அமைந்துள்ளது. எனவே, இக்கதைகள் நம் கருத்தை மறுப்பதைவிட அதன் எல்லையை விரிக்கின்றன எனக் கொள்ளலாம். எனினும், இவற்றில் சமூகக் கொடுமையின் அழுத்தம் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

8. பிற்காலத் தொடர்ச்சி

சூசன் ஹில் 1983இல் எழுதிய 'கருப்பு உடைப் பெண்' பழைய மரபை அறிந்தே மேற்கொண்டது. கடல் ஏறும்போது தரைப்பாதை மூழ்கிவிடும் மாளிகை அதன் களம். மணமாகாத தாயிடமிருந்து குழந்தை பறிக்கப்பட்டு அவள் சகோதரிக்குக் கொடுக்கப்பட்டமையே அணங்கின் சினத்துக்குக் காரணம். காஸ்கெலின் கதையோடு இதற்குள்ள உறவு தெளிவு. இதன் நாடகவடிவம் 1989 முதல் 2023 மார்ச் வரை இலண்டன் வெஸ்ட் எண்டில் நடைபெற்றது. பெரும்பாலும் இரு நடிகர்களாலும் ஒலியாலும் ஒளியாலுமே அவையோரை நடுங்கச் செய்தமை, மறைத்தலின் ஆற்றலுக்கு மேடைச் சான்றாகும்.

டோனி மோரிசனின் 'பிலவட்' (1987) இம்மரபினை அமெரிக்க அடிமைமுறையின் வரலாற்றோடு இணைத்தது. 1856இல் தப்பியோடி, பிடிபடும் நிலையில் தன் மகளை அடிமைவாழ்வுக்கு அனுப்ப மறுத்துக் கொன்ற மார்கரெட் கார்னரின் வரலாறு அதற்குத் தூண்டுதல். இங்கே வீட்டில் பேய் இருப்பதை எவரும் ஐயுறுவதில்லை. பேச மறுக்கப்பட்ட கடந்தகாலத்தோடு எவ்வாறு வாழ்வது என்பதே வினா. நம்பப்படாத சாட்சியாக ஒரு மக்களினமே நிற்கும்போது, கோதிக் வடிவம் வரலாற்றெழுத்தின் பணியை மேற்கொள்கிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, சூழல் என்பது அச்சப்பொருள்களின் தொகுப்பன்று. வெளித்தாழ்ப்பாள், சிதைந்த இசைக்கருவி, செவ்விளக்கு, கசங்கிய விரிப்பு என ஒவ்வொரு கதையிலும் ஓரிரு பொருள்களே, அங்கு வாழ்பவரின் நிலையோடு பிணைந்து, சூழலை ஆக்குகின்றன. இரண்டாவதாக, பதற்றம் பேயின் வலிமையால் வருவதன்று. காண்பவரின் வலுவின்மையால் வருவது. சொன்னால் இழக்கக்கூடியது ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். அது வேலையோ, விடுதலையோ, குழந்தையோ ஆகலாம். மூன்றாவதாக, ஐயநிலை 1764 முதல் படிப்படியாக நுண்மை பெற்றுள்ளது. 'என்ன நடக்கும்' என்னும் வினா 'என்ன கண்டாள்' என்றும், பின்னர் 'அவளை நம்பலாமா' என்றும் மாறியுள்ளது.

பேய்க்கதை எழுதுமாறு மாணவரைப் பணிக்கும் ஆசிரியர், பேய் எப்படி இருக்கும் என்று கேட்பதற்கு முன் வேறு மூன்று வினாக்களை எழுப்பலாம்: அதைக் கண்டவர் யார்? அவர் யாரிடம் அதைச் சொல்ல வேண்டும்? சொன்னால் அவருக்கு என்ன நேரும்? இவற்றுக்கு விடை கண்ட மாணவருக்குப் புயலும் இருளும் தேவைப்படாமலும் போகலாம். இலக்கிய வாசிப்பிலும் இவ்வினாக்கள் பயன்தரும். சிக்னல்காரரின் கதையை உத்திகளின் தொகுப்பாக மட்டும் வாசிக்கும் மாணவர், எச்சரிக்கையோடு வந்த எளிய மனிதர் ஒருவரைச் செவிமடுக்கத் தவறிய கதையாகவும் அது இருப்பதைக் காணாமற் போய்விடுவார். அவ்வாறு காணாமற் போகவிடுவது, கதைசொல்லி செய்த பிழையையே வகுப்பறையில் மீண்டும் செய்வதாகும்.